சண்டிப்பார் உடைந்த நாள்

குவானாய் துறையில் கொச்சாயுயோ என்கிற கடற்பாசி அறுப்பு டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும்தான். அறுத்த பாசியைக் காயப்போட வெயில் இருக்காது. ஆனால் மிரேயா மழைக்காலத்திலும் கடலில் இறங்குவாள். கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கி எடுப்பது அவளுக்குப் பிடிக்காது.

“செத்ததப் பொறுக்கதுக்கு நாய் போதும்” என்பாள்.

கிழிந்த இடங்களில் சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டிய ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, பாறையின் கடல்பக்க விளிம்பில் இடுப்பளவு நுரையில் நிற்பாள். அலை உள்வாங்கும்போது குனிந்து, மணிக்கட்டு கனம் இருக்கும் பாசித்தண்டை வேரை விட்டு அறுப்பாள். அடுத்த அலை வருவதற்குள் நிமிர்ந்துவிடுவாள். அறுந்த பாசி நாலு ஆள் நீளத்துக்கு மலைப்பாம்பு மாதிரி மிதந்து கரைக்குப் போகும். அங்கே அவள் புருஷன் எலாடியோ கொக்கி போட்டு இழுத்து, குதிரை மேல் ஏற்றி, மேட்டுப் புல்லில் விரிப்பான்.

“பொண்டாட்டி கடல்ல, நீ குதிரையோட மேய்ச்சல்ல. நல்ல பொழப்புல” என்று படகுக்கார எராக்ளியோ அவனைச் சீண்டாத நாள் கிடையாது.

“எனக்குக் காது அடைச்சுக்கிடுது, இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“காதா? வேற எதாச்சுமா?”

எலாடியோ சிரித்துக்கொள்வான். அப்போதெல்லாம் அவனால் சிரிக்க முடிந்தது.

நான் அந்தத் துறையில் படகு எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். என் கொட்டகைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர்கள் வீட்டில் தேநீர் கொதித்தால் எனக்கு மணக்கும், சண்டை வந்தால் எனக்குக் கேட்கும். எப்போதோ ஒரு வெளிநாட்டுக்காரன் உடைத்துப் போட்டுவிட்டுப் போன அலைச்சறுக்குப் பலகையை ஒட்டவைத்து, பதினாலு வயதில் இரண்டு பேரும் மாறி மாறி ஏறிப் பழகியவர்கள். காதல் வந்ததும் அந்தப் பலகையில்தான். இரண்டு பேரில் யாருக்கு அலை நன்றாகப் படியும் என்று துறையில் யாரைக் கேட்டாலும் மிரேயா என்றுதான் சொல்வார்கள். எலாடியோவைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான், நாலு பேர் இல்லாதபோது.

வடக்கு முனைக்கு வெளியே, கரையிலிருந்து கால் மணி நேரம் படகு ஓடினால், தண்ணீருக்கடியில் பார் என்று நாங்கள் சொல்லும் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. சாதாரண நாளில் அதன்மேல் கடல் ஒன்றும் தெரியாததுபோல் படுத்துக்கிடக்கும். எத்தனையோ பெரிய புயல் வந்து துறைமேடையையே நொறுக்கிப் போட்டிருக்கிறது, அந்தப் பாரின்மேல் அலை எழுந்ததில்லை. மேற்கும் வடமேற்கும் சேர்ந்த திசையிலிருந்து கடல் எழும்பி, தண்ணீர் நன்றாக வற்றிய நேரமாக இருந்து, காற்றும் இல்லாமல் இருந்தால்தான் அங்கே அலை உடையும். நாலு வருடத்துக்கு ஒருமுறை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் அரை நாள். ஏர் பூட்டினால் படுத்துக்கொள்ளும் மாட்டைப் போல என்று அதற்குச் சண்டிப்பார் என்றே பேர் விழுந்துவிட்டது.

மிரேயாவுக்கு விவரம் தெரிந்து அது மூன்று தரம் உடைந்திருந்தது. முதல் தரம் இரண்டு பேரும் பலகையோடு பாறை உச்சியில் நின்று பார்த்துவிட்டு, பயந்து, வீட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டாம் தரம் அவள் வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. சந்தியாகோவிலிருந்து ஜெட் ஸ்கி என்கிற நீர்வண்டியோடு வந்தவர்கள் எலாடியோவைக் கயிற்றில் இழுத்து அலையில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு அலையில் போனான். அந்தப் போட்டோ மீனவர் சங்கக் கட்டடத்தில் புனித பேதுரு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மூன்றாம் தரம் மூடுபனி, சத்தம் மட்டும்தான் கேட்டது.

“அடுத்த தரம் கயிறு ஒனக்குத்தான்” என்று அன்றைக்கு எலாடியோ சொன்னான். தகரத்துக்கு இந்தப் பக்கம் என் காதாலேயே கேட்டேன்.

அந்த அடுத்த தரம் ஜூனில் வந்தது. மூன்று நாள் முன்னாலேயே வானொலியில் சொல்லிவிட்டார்கள். சந்தியாகோவிலிருந்து அலைச்சறுக்குக்காரன் கிறிஸ்தோபல் வந்து இறங்கினான். இருபத்தெட்டு வயது, பல் வரிசை அழகாக இருக்கும், எல்லோரையும் தோளில் தட்டிப் பேசுவான். கேமராக்காரர்கள் நாலு பேர் கூட வந்தார்கள். அவனுடைய ஜெட் ஸ்கி வருடம் முழுக்க எலாடியோ வீட்டுக் கொட்டகையில்தான் கிடக்கும். எலாடியோ அதைக் குதிரையைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வான். வழக்கமாக அதை ஓட்டுகிற ஆளுக்குக் கை முறிந்திருந்ததால் எலாடியோவே ஓட்டுவதாக முடிவாயிற்று.

காலையில் நான் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றத் துறைமேடைக்குப் போயிருந்தேன். காற்று அறவே இல்லை. கடல் எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. ஆனால் தூரத்தில், பார் இருக்கும் இடத்தில், வெள்ளையாக ஒன்று எழுந்து நின்று யோசித்துவிட்டு விழுந்தது. அதன் சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்து காலுக்கடியில் கேட்டது.

மிரேயா ரப்பர் உடுப்போடு வந்து நின்றாள். தலைமயிரை இறுக்கிப் பின்னியிருந்தாள்.

“மூணு அலை அவனுக்கு. நாலாவது எனக்கு. அப்படித்தான பேச்சு?”

எலாடியோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். “பெருசா இருக்குட்டி. பாத்தியா இல்லையா?”

“பெருசா வந்தாத்தான அது உடையும்? சின்னதா வந்தா நான் எதுக்கு ஓங்கிட்ட கயிறு கேக்கப் போறேன்?”

“எல்சிராவுக்கு அம்மா வேணும்.”

எல்சிரா அவர்கள் மகள். வெளியூர் விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள், வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு போவாள்.

“அப்பா வேண்டாமா அவளுக்கு?”

“நான் வண்டியில இருக்கேன். பலகையில இல்ல.”

கிறிஸ்தோபல் இடையில் வந்தான். “மிரேயா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்குப் படம் எடுக்கிறோம். ஒரு ஆளுக்குத்தான் ஏற்பாடு. எதாவது ஆச்சுன்னா என் தலையில விழும். எலாடியோகிட்ட நேத்தே சொல்லிட்டேனே.”

மிரேயா அவனைப் பார்க்கவே இல்லை. “நேத்தே தெரியுமா ஒனக்கு?”

எலாடியோ கயிற்று முடிச்சை இறுக்கினான்.

“நேத்து ராத்திரி என் பலகைக்கு மெழுகு தேய்ச்சுக் குடுத்தியே. தெரிஞ்சுக்கிட்டேதான் தேய்ச்சியா?”

“அடுத்த வருஷம் மெக்சிகோ கூட்டிட்டுப் போறேங்கான்ட்டி” என்றான் எலாடியோ குரலைத் தாழ்த்தி. “வண்டி ஓட்ட. சும்மா இல்ல, வேலையா. கெடுத்துறாத.”

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் பெட்ரோல் கேனை மூடிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். எங்கள் எல்லோருக்கும் அன்றைக்கு அதைவிடப் பெரிய காட்சி ஒன்று கடலில் காத்திருந்தது.

பாறை உச்சியில் துறையே கூடிவிட்டது. கிறிஸ்தோபல் முதல் அலையில் நன்றாகத்தான் போனான். அத்தனை பேரும் கத்தினோம். இரண்டாவதில் பாதியில் வெளியேறினான். மூன்றாவது பெரிதாக வந்தது. மேலிருந்து கீழே வரும்போதே அவன் காலடியில் பலகை இல்லை. உள்ளே போனவன் வரவில்லை. அடுத்த அலையும் மேலே விழுந்தது. எலாடியோ நுரைக்குள் வண்டியை விட்டு, இரண்டு தரம் சுற்றி, அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டு பாருக்குத் தெற்கே அலை உடையாத ஓடைக்கு வந்துவிட்டான். அந்த வேலையை எலாடியோ போலச் செய்ய அங்கே வேறு ஆள் கிடையாது. அதை யாரும் மறுக்க முடியாது.

அப்போது வாடை கிளம்பியது. மேகம் வடக்கிலிருந்து சுவர் மாதிரி வந்தது. முதல் தூறல் விழுந்ததும் கேமராக்காரர்கள் சாமான்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். முடிந்தது என்று நாங்களும் இறங்கிவிட்டோம். உச்சியில் ஒருத்தர்கூட இல்லை.

பிறகு நடந்ததை மிரேயா தன் நாத்தனார் நெல்டாவிடம் சொல்லி, நெல்டா எனக்குச் சொன்னாள்.

மிரேயா வீட்டுக்குப் போனவள் தன் பழைய நீளப் பலகையை எடுத்துக்கொண்டு, குன்றுக்குப் பின்னால் சுற்றி வடக்கு முனைக்குப் போயிருக்கிறாள். பாசி அறுக்க இறங்கும் அதே பாறை. அங்கே ஒரு நீரோட்டம் கடலைப் பார்த்து இழுக்கும், அது அவளுக்கும் கடல்சிங்கங்களுக்கும்தான் தெரியும். வண்டியில்லாமல் அந்தப் பாரில் யாரும் ஏறியதில்லை. அலை ஓடுகிற வேகத்துக்குக் கையால் நீந்தி எட்ட முடியாது என்று எலாடியோவே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். அவள் முக்கால் மணி நேரம் நீந்தி, பாருக்கு வெளியே, கரையிலிருந்து பார்த்தால் அலை மறைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு அலைக்கூட்டத்தைத் தன் கீழே போகவிட்டாள். தூறல் தொடங்கியபோது மூன்றாவது கூட்டம் வந்தது. முதலாவதை விட்டாள். இரண்டாவதற்குத் திரும்பினாள்.

“கைய எத்தன தரம் போட்டேன்னு தெரியல மைனி. பின்னாடி தண்ணி எந்திரிக்கிற சத்தம் கேக்கல. சத்தமே இல்ல. பலகையோட தலை கீழ சாஞ்சுது. கீழ பாத்தா பார் தெரியுது, பாசி தெரியுது, கறுப்பா. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். நின்னது எனக்கே அப்புறந்தான் தெரியும்.”

வீட்டுக்கூரையிலிருந்து குதிப்பதுபோல் விழுந்து, அடிக்குப் போய், வலது பக்கம் வளைந்தாள். அலை சுவர் மாதிரி அவளுக்கு முன்னால் நீண்டுகொண்டே போனது. வலது கையால் அதைத் தடவிக்கொண்டே போனாள். பின்னால் பார் முழுக்க அலை உடைந்து விழுந்தது. அலை தளர்ந்து தெற்கு ஓடையில் அவளை மெதுவாக இறக்கிவிட்டது.

அங்கே, நாற்பது கஜம் தள்ளி, எலாடியோ வண்டியில் உட்கார்ந்திருந்தான். கிறிஸ்தோபல் பின்னால் குப்புறக் கிடந்து கடல்தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான்.

“என்னைப் பாத்தான் மைனி. தொடக்கத்துல இருந்து பாத்திருக்கான். வாய் தொறந்தபடியே இருந்துச்சு. நான் கையத் தூக்குனேன். சிரிச்சேன்கூட. அவன் மூணு எண்ணுற நேரம் பாத்துட்டு வண்டியத் திருப்பிட்டான்.”

அவள் தனியாக நீந்தி, மழையில், தெற்கு மணலில் ஏறும்போது மணி இரண்டாகிவிட்டது.

சாயங்காலம் நெல்டாவின் உணவுக்கடையில் பதிமூன்று பேர் இருந்தோம். நெல்டா எலாடியோவின் அக்கா. அவள் கடையில் விலாங்கு போல் நீண்ட, கோங்கிரியோ என்கிற சிவப்பு மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆரஞ்சுத் தோல் போட்டுச் சுடவைத்த ஒயின் சுற்றிவந்தது. வெளியே கூரையைப் பிய்க்கிற மழை. கிறிஸ்தோபலுக்கு உதட்டில் நாலு தையல். அவன் எலாடியோவின் கையைப் பிடித்துத் தூக்கி, “இந்த மனுஷன் இல்லன்னா நான் இல்ல” என்றான். எல்லோரும் மேசையைத் தட்டினோம். எலாடியோவின் முகம் சிவந்து பளபளத்தது.

மிரேயா ஈரத்தலையோடு வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். நெல்டா ஒரு கிண்ணம் வைத்தாள்.

“கையெல்லாம் என்ன ரத்தம்?” என்றாள் நெல்டா.

“பாறையில கிழிச்சுது. நானும் ஒண்ணு எடுத்தேன்.”

“என்னத்த?”

“சண்டிப்பார்ல. நீந்தி ஏறுனேன்.”

ஒரு கணம் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு எராக்ளியோ, “எந்தப் பலகையில? ரொட்டி பிசையற பலகையிலயா?” என்றான். சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன். அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிறிஸ்தோபல் நல்லவிதமாகவே கேட்டான். “நீந்தியா? அது முடியாதே. யாரு பாத்தா?”

“எலாடியோ பாத்தான்.”

பன்னிரண்டு தலையும் எலாடியோ பக்கம் திரும்பின. அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிய்த்த துண்டை இன்னும் சின்னதாகப் பிய்த்தான்.

“நான் பாக்கல” என்றான்.

“எலாடியோ.”

“மழை பெய்யுது. இவன் பின்னாடி ரத்தமா கக்கிட்டுக் கெடக்கான். நான் எங்க பாக்க?”

“என் கண்ணப் பாத்த.”

“நொரையில எதையாச்சும் நெனச்சிருப்ப. ரொம்ப நேரம் தண்ணியில இருந்தா அப்படி ஆகும்ட்டி. எனக்கே ஆயிருக்கு.”

அவள் கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டாள். பிறகு, “சரி” என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் குடித்தாள். கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நாலைந்து நாள் கழித்து, தகரத்துக்கு அந்தப் பக்கம் எலாடியோவின் குரல் கேட்டது. குதிரைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே பேசினான்.

“நான் பாத்தேன்ட்டி.”

“தெரியும்.”

“அப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல.”

“எதுக்கு இங்க வந்து சொல்ற? இங்க நம்ம ரெண்டு பேரும் குதிரையுந்தான் இருக்கோம். நெல்டா கடையில பதிமூணு பேர் இருந்தாங்க. அங்க போய்ச் சொல்லு.”

“இப்ப போய்ச் சொன்னா என்னைப் பொய்யன்னுல்ல சொல்வானுவ.”

“அப்ப என்னைச் சொல்லலாமா?”

“ஒனக்கென்ன? நீ பொம்பள. ரெண்டு நாள் சிரிப்பானுவ, மறந்துருவானுவ. எனக்கு இதுலதான பொழப்பு? கையால ஏற முடியாது, வண்டி வேணும், வண்டிக்கு நான் வேணும். நீ ஏறிட்டன்னா அப்புறம் நான் யாரு?”

குதிரை வைக்கோல் மெல்லும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை கேட்கவில்லை. “உப்பு இருக்கு.” “குதிரைக்கு லாடம் தேஞ்சுபோச்சு.” “எல்சிராவுக்கு மேல்சட்டை வாங்கணும்.” கோடையில் ஒன்றாகப் பாசி அறுத்தார்கள், ஒன்றாகக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் சின்ன அலை நன்றாக வந்தாலும் அவள் பலகையை எடுக்கவில்லை. மார்ச்சில் கிறிஸ்தோபல் ஆள் அனுப்பி ஜெட் ஸ்கியைக் கொண்டுபோய்விட்டான். மெக்சிகோவுக்கு வேறு ஒருவன் போனான் என்று கேள்விப்பட்டோம். எலாடியோ காலியான கொட்டகையை இரண்டு நாள் கூட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஜூன் கடைசியில் புனித பேதுரு திருநாள். படகுகளுக்குக் காகிதப்பூ கட்டி, சுரூபத்தைக் கடலில் சுற்றிக் கொண்டுவந்தோம். நெல்டா கடை வாசலில் மிரேயா பூசணி பிசைந்த மாவை வட்டமாக வெட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்சிரா பக்கத்தில் தட்டு அடுக்கினாள். மாகாணத் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கிறிஸ்தோபலும் வந்திருந்தான். சண்டிப்பார் இன்னொரு தரம் உடைந்தால் வண்டியில்லாமல் நீந்தி ஏறுகிற முதல் ஆளாகத் தான் இருக்கப் போவதாகச் சொன்னான். அதற்கென்று புதுப் பலகையே செய்திருந்தான்.

அந்தப் பெண் ஒலிவாங்கியை எங்கள் பக்கம் நீட்டினாள். “இதுவரைக்கும் ஒருத்தர்கூட அப்படி ஏறுனதில்லையாமே?”

“ஏறியாச்சு” என்றான் எலாடியோ.

ஒரு சொட்டு ஒயின்கூட அவன் குடித்திருக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், என் பக்கத்தில்தான் நின்றான்.

“என் பொண்டாட்டி ஏறுனா. போன வருஷம், இவனை நான் தூக்கிப்போட்டுக்கிட்டு ஓடையில நிக்கும்போது. ரெண்டாவது அலை. அது வரைக்கும் வந்ததுல அதுதான் பெருசு. மேல இருந்து விழுந்து, கால் ஒரு தரம் நழுவி, திருப்பி ஊணுனா. வலது கைய இப்படி வச்சு, சுவத்துல கோடு போட்டுக்கிட்டே வந்தா. நான் பாத்தேன். பாத்துட்டு, பாக்கலன்னு சொன்னேன்.”

இப்போது ஏன் சொன்னான்? குற்ற உணர்வா, கிறிஸ்தோபல் மேல் இருந்த ஆத்திரமா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். கேமரா மெதுவாக மிரேயா பக்கம் திரும்பியது. எராக்ளியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

“உண்மையா?” என்றாள் தொலைக்காட்சிப் பெண்.

மிரேயா எண்ணெயில் கிடந்ததைப் புரட்டிப்போட்டாள்.

“இல்லம்மா. நான் அன்னைக்குக் கரையில பாசி கட்டிக்கிட்டு இருந்தேன்.”

“மிரேயா!” என்றான் எலாடியோ.

“எல்லாரும் இங்கதான இருக்காங்க, கேளுங்க. அன்னைக்கு யாரும் ஒண்ணும் பாக்கல.”

“நான் பாத்தேன்ட்டி. சொல்லிட்டேன்ல. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்ல.”

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. எல்சிரா தட்டுகளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். “அம்மா, நெஜமாவே நீ போகலயா?”

மிரேயாவின் கை அங்கேதான் ஒரு முறை நின்றது. எண்ணெய் புகையத் தொடங்கியது.

“போகல” என்றாள். “தட்டக் குடு.”

தொலைக்காட்சிக்காரர்கள் கிறிஸ்தோபலைப் படகின் முன் நிறுத்தி இன்னொரு முறை பேசவைத்துவிட்டு, வயரைச் சுருட்டினார்கள். சுருட்டிய பையனிடம் எலாடியோ இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான், எங்கே விழுந்தாள், எங்கே வளைந்தாள் என்று, கையால் காட்டிக் காட்டி. அவன், “சரிங்க, சரிங்க” என்று கேட்டுக்கொண்டே வயரைப் பெட்டியில் வைத்து மூடினான்.

கூட்டம் கலைந்த பிறகு நெல்டா அடுப்பங்கரையில் அவளைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்டி? ஊரே நம்பியிருக்குமே. அவன் வாயாலயே வந்துச்சே.”

“அவன் குடுத்து நான் வாங்கணுமா மைனி?”

“பிள்ளைக்காவது சொல்லலாம்லா.”

மிரேயா எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்தாள். பத்துப் பதினைந்து தரம் தேய்த்தாள்.

சண்டிப்பார் அதற்குப் பிறகு உடையவில்லை. கடல் கொஞ்சம் எழும்பினாலும் எலாடியோ பாறை உச்சிக்குப் போய்விடுகிறான். பலகையோடு வருகிற வெளியூர்ப் பையன்களைப் பிடித்து நிறுத்தி அந்த அலையைச் சொல்கிறான். ஒரு வார்த்தை கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நெல்டா கடைக்குச் சாப்பிட வரும்போது மிரேயாவிடம் விசாரிப்பார்கள்.

“எம் புருஷனுக்குக் கண்ணு அவ்வளவு தெளிவில்ல” என்பாள். குழம்பை வைத்துவிட்டு, ரொட்டி எடுக்க உள்ளே போவாள்.